பூ கட்டியவன்

என் அண்ணன் நல்லகாமனுக்கும் எனக்கும் இருபது வருஷமாக ஒரே சண்டைதான். நிலத்துக்காக அல்ல, வீட்டுக்காக அல்ல. சாமி இருக்கிறதா இல்லையா என்பதற்காக. அவர் எழுமலையில் விவசாயம் பார்க்கிறார். நான் வாடிப்பட்டியில் இயற்பியல் வாத்தியார். பொங்கலுக்குப் போனால் இலை போடுவதற்குள் ஆரம்பித்துவிடும்.

“இந்தக் கெணத்தை ஒருத்தன் வெட்டுனான்ல? அப்ப வானத்தையும் பூமியையும் ஒருத்தன் செஞ்சிருக்கணும்ல?” என்பார். அவனைச் செய்தவன் யார் என்று கேட்பேன். அவன் எப்போதும் இருக்கிறவன் என்பார். அப்படியானால் வானமே எப்போதும் இருந்துவிட்டுப் போகட்டுமே, நடுவில் அவன் எதற்கு என்பேன். கோயிலுக்குப் போன வேன் கவிழ்ந்து நாலு பேர் செத்த அன்று நான் சொன்னதுதான் அவருக்கு ஆறவே இல்லை. சாமிக்கு எல்லாம் தெரியும், எல்லாம் முடியும், அது ரொம்ப நல்லது. இந்த மூன்றில் ஒன்றாவது பொய் என்றேன். அதன்பின் இரண்டு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. எனக்கும் அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மறுபடி பேச வைத்தது மதினிதான். அண்ணன் மனைவி ஜெயக்கொடிக்குத் தீராத தலைவலி. மதுரையில் ஸ்கேன் எடுத்தபோது மூளையில் ஒரு ரத்தக்குழாய் புடைத்திருப்பது தெரிந்தது. விட்டால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம். வெடிக்காமலே இருந்துவிடவும் செய்யலாம். ஆபரேஷன் செய்தால் நூறு பேரில் தொண்ணூறு பேர் பிழைப்பார்கள் என்றார் டாக்டர். அதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. குலசாமியிடம் பூக்கட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அண்ணன். இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. எடுப்பதில் வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். ஒரு உயிரை அரளிப் பூவிடம் ஒப்படைக்கிற அந்த முட்டாள்தனத்தைக் கண்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் பொட்டலம் கட்ட அவர் என்னைத்தான் கூப்பிட்டார்.

“நம்பாதவன் கட்டட்டும். சாமி பேர்ல கள்ளம் பண்ண அவனுக்கு ஒரு தேவையும் இல்ல” என்று பங்காளிகள் முன்னால் சொன்னார்.

நான் கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு காகிதத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினேன். செவ்வரளியை வேலிக்கு அப்பால் எறிந்தேன். மதினி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்துப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைக் கண்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நூறில் மீதிப் பத்துப் பேர் உண்டல்லவா? மதினி அந்தப் பத்தில் ஒருவர். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே குழாய் வெடித்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணன் நெற்றியில் திருநீறு இல்லை. வீட்டிலிருந்த சாமி படங்களைக் கழற்றித் தொழுவத்தில் போட்டிருந்தார். பங்காளி ஒருவர் ஆறுதல் சொல்லப் போக, “மூணுல ஒண்ணு பொய்னு பாண்டிராஜ் சொன்னான்ல, சரியாத்தேன் சொல்லியிருக்கான்” என்றார். இருபது வருஷமாக நான் ஜெயிக்கத் துடித்த வாதம். ஜெயித்த இடத்தில் நிற்க முடியாமல் தொழுவத்துப் பக்கம் போய்விட்டேன்.

எல்லோரும் போனபின் என்னை வாசலில் நிறுத்தினார். வேட்டி மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என் கையில் வைத்தார். உள்ளே காய்ந்துபோன வெள்ளை அரளி.

“மிச்சப் பொட்டலம். அன்னிக்கே பிரிச்சுப் பாத்துட்டேன்.”

தெரிந்துமா கையெழுத்துப் போட்டீர்கள் என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“இல்லைங்கிறவன் கையை வச்சே ரெண்டையும் வெள்ளையாக் கட்டியிருக்கே, சாமிக்கு நம்ம மேல எம்புட்டு அக்கறைனு நெனச்சேன்.” குரல் உயரவே இல்லை. “இப்பச் சொல்லு. சாமி இருக்கா, இல்லையா? இருந்தா, அது செஞ்ச வேலை. அதுகிட்ட நான் பேசிக்கிறேன். இல்லைன்னா, செஞ்சது நீ.”

என்னிடம் பதில் இருந்தது. தொண்ணூறு என்றால் என்ன, பத்து என்றால் என்ன என்று வகுப்பில் சொல்வதுபோல அடுக்கியிருக்கலாம். ஆபரேஷன் செய்யச் சொன்னது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவருக்குப் பின்னால் சுவரில் மாலை போட்ட மதினியின் படம் இருந்தது. பயந்துவிட்டேன். வெட்கமில்லாமல் பயந்தேன்.

“இருக்குண்ணே” என்றேன்.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை அவர் கண்ணில் கோபம்தான் இருந்தது. இப்போது அருவருப்பு வந்தது.

“அன்னிக்கு அவ உசுருக்காகப் பொய் சொன்ன. அதைக்கூட ஒருநா மன்னிச்சிருப்பேன்டா. இன்னிக்கு ஒனக்காகச் சொல்ற.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.