கழுகின் மேல் ஸ்டிக்கர்

ஜெர்மனியின் கீல் நகரத்தில் வருஷத்துக்கு இரண்டு முறை பழம்பொருள் சந்தை கூடும். அந்தக் காலத்துக் கடற்படை அதிகாரிகள் இடுப்பில் தொங்கவிட்ட குறுவாள்களை அங்கே நாங்கள் வாங்குவோம், விற்போம். நாஜி காலத்து வாளென்றால் பிடியின் உச்சியில் கழுகு இருக்கும். அதன் காலில் ஸ்வஸ்திகா. சட்டப்படி அது வெளியே தெரியக் கூடாது. அதனால் மேலே ஒரு வட்ட ஸ்டிக்கர்.

வருகிறவன் நகத்தால் ஸ்டிக்கரை மெல்லத் தூக்கிப் பார்த்துப் பல்லிளிப்பான். த்தூ!

"நீயும் இதைத்தானே சேக்கிற வீப்கே?" பக்கத்து மேசை ஹென்னிங்குக்கு என்னைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"எங்க தாத்தா வாள்ல கழுகு கிடையாது. வாய மூடிட்டு உன் வியாபாரத்தப் பாரு."

1938இல், பிடி உச்சியிலிருந்த பழைய உருண்டைக் குமிழைக் கழற்றிக் கழுகை மாட்டச் சொல்லி அதிகாரிகளுக்கு உத்தரவு வந்தது. கடற்படை அதிகாரியாயிருந்த தாத்தா மாட்ட மறுத்தார். அப்பா சொல்லிச் சொல்லி என்னை வளர்த்த கதை அது. நகர அருங்காட்சியகம் அந்த வாளைக் கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. 'பணிய மறுத்தவரின் வாள்' என்று அட்டைகூட அச்சடித்துவிட்டார்கள்.

கண்ட வாளின் குமிழையெல்லாம் திருகிப் பார்ப்பவள் நான், தாத்தா வாளை மட்டும் திருகியதே இல்லை. கொடுப்பதற்கு முதல் நாள் ஹென்னிங்தான் குமிழைக் கழற்றினான். பிடியின் விளிம்பில் வேறொரு குமிழ் அழுந்திய தடம்.

"இங்க ரொம்ப நாள் வேற ஒண்ணு இருந்திருக்கு, வீப்கே."

அவன் சிரித்துத் தொலைத்திருக்கலாம். சிரிக்கவில்லை.

நேரே அப்பாவிடம் போனேன். எண்பத்தைந்து வயது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"கழுகு எங்கப்பா?"

எந்தக் கழுகு என்று அவர் கேட்கவில்லை.

"தையல் பெட்டில. பட்டனுக்கு அடியில."

"அப்போ தாத்தா மாட்டினாரா?"

"எல்லாரும்தான் மாட்டினாங்க. ஏழு வருஷம். போர்ல தோத்ததும் எங்கம்மா கழட்டிட்டா."

"என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"அந்தக் கதையக் கேட்டா உன் முகம் அப்படி மலரும்டி."

பட்டன்களைக் கிளறினேன். அடியில் ஒரு துடைக்கும் துணி, அதற்குள் கழுகு. எழுபது வருஷம் மூடிக் கிடந்த பித்தளை கறுத்திருக்க வேண்டும். இது பளபளவென்று மின்னியது. துணியில் பாலிஷ் வாடை. இன்னும் ஈரம் காயவில்லை.

"இத யாரு துடைக்கிறா?"

அப்பா ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் நகங்களில் பாலிஷ் கறுப்பு. சீ! அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடக்கப் பழகினேன்.

மறுநாள் கழுகை மாட்டியே வாளைக் கொடுத்தேன். அட்டையைக் கிழித்துப் போடச் சொன்னேன். அருங்காட்சியகப் பெண் கழுகைப் பார்த்துத் தயங்கினாள்.

"அருங்காட்சியகத்துல இத மூடணும்னு சட்டம் இல்ல மேடம். ஆனா உங்க குடும்பப் பேரு போடுறோமே, ஸ்டிக்கர் ஒட்டிடட்டுமா?"

"வேணாம். எல்லாரும் பாக்கட்டும்."