ஆறாவது பழக்கத்துக்கு நாலு பக்கம்

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை, நான் எழுதாமல் விட்ட நாலு பக்கங்களிலிருந்து பிறந்தது.

எட்டு வருடங்களுக்கு முன்பு 'ஆறே பழக்கங்களில் நீங்கள்' என்றொரு சுயமுன்னேற்றப் புத்தகம் நல்லூரில் அச்சாகி வந்தது. ஆசிரியர் டொக்டர் உதயசீலன். அந்த டொக்டர் நான்தான். பட்டம் தந்தது பல்கலைக்கழகம் அல்ல, அச்சகம் வைத்திருக்கும் என் நண்பன் ஜெயரூபன். நான் ஒரு சிறிய பொது நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருப்பவன். மிச்ச நேரத்தில் சிறுகதை எழுதுபவன். என் கதைத் தொகுப்பின் வெளியீட்டு விழாவில் வந்த ஆட்களைவிட மிஞ்சிய வடைகள் அதிகம்.

"உன்ரை கதையை ஆர் மச்சான் வாசிக்கிறது? சனம் முன்னேற நினைக்குது. அதுக்கு ஒண்டு எழுது," என்றான் ஜெயரூபன்.

எழுதினேன். வேறு பெயரில், ஒரு சொல்லையும் நம்பாமல்.

(இலக்கியக் கூட்டங்களில் இந்த வகைப் புத்தகங்களைக் கிண்டல் பண்ணுவது எங்கள் ஆட்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. அந்தக் கிண்டலில் என் குரல்தான் எப்போதும் கொஞ்சம் உரத்துக் கேட்கும். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.)

ஐந்து பழக்கங்கள்வரை பிரச்சினை இருக்கவில்லை. காலை ஐந்து மணிக்கு எழும்பு. கண்ணாடியைப் பார்த்து உன் இலக்கைச் சத்தமாகச் சொல். கஷ்டமான வேலையை முதலில் செய். நாளுக்கு ஒரு பக்கமாவது படி. தெரியாததை வெட்கப்படாமல் கேள். இவற்றில் ஒன்றையும் நான் செய்ததில்லை. நான் எழும்புவது ஏழரைக்கு. ஆறாவதுதான் வர மறுத்தது. இரண்டு கிழமை பேனாவோடு இருந்து பார்த்தேன். அதற்குள் அட்டை அச்சாகிவிட்டது. 'ஆறே' என்ற சொல் மட்டும் சிவப்பில்.

"ஆறு எண்டு அடிச்சாச்சு. இனி ஐஞ்சாக்கேலாது," என்றான் ஜெயரூபன். கடைசி அச்சுத்தாளில் நாலு பக்கம் வெறுமையாக நின்றது. கொஞ்சம் யோசித்தான். "கோடு போட்டு விடுவம். சனம் தாங்களே எழுதட்டும்."

'ஆறாவது பழக்கம்' என்ற தலைப்புக்குக் கீழே நாலு பக்கமும் வெறும் கோடுகளாகப் புத்தகம் வெளிவந்தது. அதில் ஆழமான தத்துவம் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

2

கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

"கொழும்புத்துறைக் கடல்மீது பொன்னிறமாய்ச் சூரியன் எழ, துஷாந்தினி தன் கண்ணீரைத் துடைத்தபடி—"

இந்த வாக்கியம் இதற்குமேல் போகாது. எங்கள் நூலகத்துக்கு வந்து இதை வாசித்த நிஜத் துஷாந்தினியே நிறுத்திவிட்டார்.

"ஏன் சேர் என்னை அழப் பண்ணுறீங்கள்? ஐஞ்சு மணிக்கு நான் பின்னக் கணக்கோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டனான். ஆர் சூரியனைப் பாக்கிறது?"

இரண்டாவது தொடக்கத்தில் சோகம் போதாதென்று அவருடைய கணவர் றமேஸைக் கடலில் சாகவைத்திருந்தேன். அதை வாசித்து முடித்தவர் தலையில் கை வைத்தார்.

"ஐயோ, என்ரை மனிசனைச் சாக்காட்டிப் போட்டீங்களே! அந்தாள் வெளியிலை சயிக்கிளோடை நிக்குது."

யன்னலால் எட்டிப் பார்த்தேன். றமேஸ் நின்றார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார். செத்த மனிதருக்குப் பதிலுக்குக் கை காட்டிவிட்டு வந்து அந்தத் தாளைக் கிழித்தேன்.

(துஷாந்தினி அவருடைய உண்மைப் பெயர் அல்ல. "ஸ்ரைலா ஒரு பேர் வையுங்கோ" என்றார். நான் சொன்ன நாலு பெயர்களும் பிடிக்கவில்லை. இது அவரே தெரிந்தெடுத்தது.)

3

ஆகவே கண்ணீரும் சாவும் இல்லாமல் சொல்கிறேன்.

துஷாந்தினிக்கு முப்பத்தெட்டு வயது. கொழும்புத்துறையில் ஒரு முன்பள்ளியில் வேலை. பிள்ளைகள் அவரை 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பதிவேட்டில் 'உதவியாளர்' என்று இருக்கும். ஆசிரியையாவதற்கு ஒரு பயிற்சி செய்ய வேண்டும். அதற்குப் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓஎல் பரீட்சையில் கணிதம் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். துஷாந்தினி கணிதத்தில் நாலு தரம் பெயில்.

"பிள்ளையள் ரீச்சர் எண்டு கூப்பிடேக்கை எனக்கு வெக்கமாக் கிடக்கும் சேர். பொய்ப் பேரிலை திரியிற மாதிரி," என்று ஒருநாள் சொன்னார். பொய்ப் பேரில் திரிவதைப் பற்றி என்னிடம் சொல்கிறார். நான் திகதி முத்திரையைக் குத்தினேன்.

எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பதினாலு நாள் வைத்திருக்கலாம். இரண்டு தரம் புதுப்பிக்கலாம். அதன்பிறகு கட்டாயம் அலுமாரிக்குத் திரும்ப வேண்டும். டொக்டர் உதயசீலனின் புத்தகத்தை அவர் இரண்டு தரம் புதுப்பிப்பார். மூன்றாம் தரம் கொண்டுவந்து தருவார். நான் அதை அலுமாரியில் வைக்கப் போகும்போது எனக்குப் பின்னாலேயே நடந்து வருவார். நான் வைத்துக் கையை எடுத்ததும் அவர் எடுப்பார். திரும்ப இருவரும் மேசைக்கு நடப்போம். ஒன்றரை வருடம் இந்த ஊர்வலம் நடந்தது.

"உந்தப் புத்தகத்திலை அப்பிடி என்ன கிடக்கு?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த இளக்காரத்தை நினைக்க இன்றும் கூசுகிறது.

"எல்லாம் கிடக்கு சேர். வாசிச்சுப் பாருங்கோவன்."

4

இந்த இடத்தில் அவர் அந்தப் பழக்கங்களை எப்படிப் பழகினார் என்று எழுத வேண்டும். கதையின் நடுப்பகுதி. சோம்பேறி எழுத்தாளர்கள் இங்கேதான் "நாட்கள் உருண்டோடின" என்பார்கள். நானும் எழுதினேன். வெட்டிவிட்டேன்.

ஐந்து மணிக்கு எழும்புதல்: றமேஸ் நண்டு வலை வலிப்பவர். அவர் வெளிக்கிடுவதற்காக துஷாந்தினி பதினைந்து வருடங்களாக மூன்றரைக்கு எழும்பித் தேத்தண்ணி வைத்துக் கொண்டிருந்தார். புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். "டொக்டர் ஐஞ்சு மணி எண்டு போட்டிருக்கிறார். அதுக்கு முந்தி எழும்பக் கூடாதாம்." நான் அப்படி எழுதவே இல்லை. ஆனாலும் டொக்டர் சொன்னால் றமேஸ் மறுபேச்சுப் பேசமாட்டார். அன்றிலிருந்து தன் தேத்தண்ணியைத் தானே வைத்துக் குடித்துவிட்டுப் போகிறார். சத்தம் கேட்காமலிருக்க மூடியைத் துணியால் பிடித்துத் திறப்பாராம்.

என் புத்தகத்தால் உலகத்தில் ஒரு பெண்ணுக்கு நாளுக்கு ஒன்றரை மணித்தியால நித்திரை கிடைத்தது. என் சிறுகதைகள் இவ்வளவு நன்மை செய்ததாகத் தகவல் இல்லை.

கண்ணாடி: முன்பள்ளியில் இருக்கும் கண்ணாடி நாலு வயதுப் பிள்ளைகளின் உயரத்தில் மாட்டியது. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்துதான் அதில் முகம் பார்க்கலாம். தினமும் பிள்ளைகள் வருவதற்கு முன்பு அப்படி இருந்து, "நான் கணிதம் பாஸ் பண்ணுவன்" என்று சொல்வாராம்.

கேட்டல்: நல்லூரில் ஒரு ரியூசன் வகுப்பில் கடைசி வாங்கில் போய் இருந்தார். பதினாறு வயதுப் பிள்ளைகள், யாரோ ஒருவரின் அம்மா முறைப்பாடு கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்து முதல்நாள் முழுக்க அடக்கமாக இருந்தார்களாம். வட்டத் தேற்றம் விளங்காதபோது இவர் கையை உயர்த்தினார். "நான் கேட்ட பிறகுதான் சேர், தங்களுக்கும் விளங்கேல்லை எண்டு அதுகள் சொன்னதுகள்."

5

கணிதச் சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது புத்தகம் என் மேசைக்கு வந்தது. அன்று அவர் அலுமாரிவரை வரவில்லை. முன்பள்ளியில் ஏதோ அலுவல் என்று ஓடிவிட்டார். திரும்பி வரும் புத்தகங்களில் கிறுக்கல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பென்சில் என்றால் அழிக்க வேண்டும். அதற்கென்று ஒரு அழிறப்பர் மேசை லாச்சியில் இருக்கிறது.

கடைசிப் பக்கங்களைத் திறந்தேன். 'ஆறாவது பழக்கம்' என்ற தலைப்புக்குக் கீழே, என் கோடுகளின் மேல், பென்சிலில் இப்படி இருந்தது:

"நடந்தது நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே ஒருவருக்குச் சொல்ல வேண்டும். ஒருவருக்கு மட்டும். ஒருவருக்கும் சொல்லாவிட்டால் உள்ளே கிடந்து புளிக்கும். அன்றைக்கே எல்லோருக்கும் சொன்னால் அது ஊருடைய கதையாகிவிடும். சொல்லிவிட்டு அடுத்த நாள் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும்."

இரண்டு கிழமை இருந்தும் எனக்கு வராதது. முதலில் பொறாமைப்பட்டேன், மறைப்பானேன். பிறகு அழிறப்பரைக் கையில் எடுத்தேன், அழிக்காமல் திரும்ப லாச்சியில் போட்டேன். எனக்குள்ளே எட்டு வருடமாக ஒன்று கிடந்து புளித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் சொன்னால்? சோதனைக்கு ஒரு மாதம். டொக்டர் என்று ஒருவர் இல்லை, இந்தக் கோடுகள் தத்துவம் அல்ல, ஒருவனுடைய இயலாமை என்று தெரிந்தால், அவர் காலையில் எதை நம்பி எழும்புவார்? ஐந்தாவது தரமும் பெயில் என்றால் அது என் தலையில். சொல்லாமல் விடுவதற்கு இது நல்ல காரணமாகவும் இருந்தது, வசதியான காரணமாகவும் இருந்தது.

அடுத்த நாள் அவர் புத்தகத்துக்கு வந்தார். சொன்னேன். முழுவதையும் சொன்னேன், வடையை மட்டும் விட்டுவிட்டேன்.

துஷாந்தினி கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கோடுகளின்மேல் விரலை வைத்தார்.

"அப்ப இந்தக் கோடெல்லாம்?"

"எனக்கு எழுத வரேல்லை, தங்கச்சி. அவ்வளவுதான்."

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப ஆறாவது என்ரையோ?"

"ஓம். முழுக்க உங்கடை."

"அப்ப ஆறிலை ஒண்டு நான் எழுதினது!" சிரித்தார். சந்தோசச் சிரிப்பு. "அடுத்தமுறை அடிக்கேக்கை என்ரை பேரையும் போட வேணும், சொல்லிப்போட்டன்." உடனே முகம் மாறியது. "சேர், ஒண்டு. சோதினை முடியுமட்டும் நீங்கள் டொக்டர் இல்லை, என்ன? அந்தாள் சொன்னது எண்டு நினைச்சுத்தான் நான் எழும்புறன். நீங்கள் சொன்னதெண்டால் எழும்பேலாது."

நான் சம்மதித்தேன். எந்த விமர்சகரும் என்னை இவ்வளவு சரியாக எடைபோட்டதில்லை.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"சொல்லுறதுக்கு எனக்கெண்டு இன்னும் ஆள் கிடைக்கேல்லை சேர். மனிசனுக்குச் சொன்னால் அது பாவம், வாய் நிக்காது; கரையிலை நிக்கிற எல்லாருக்கும் சொல்லிப்போடும். நீங்கள் உங்கடையை எனக்குச் சொன்னீங்கள். என்ரையை நான் உங்களுக்குச் சொல்லுறன்."

6

சோதனை முடிந்து பெறுபேறு வரும்வரை இருந்த மாதங்களில் இந்தக் கதையை எழுதினேன். இரண்டு முடிவுகள் கைவசம் இருந்தன.

முடிவு அ: துஷாந்தினி பாஸ். றமேஸ் அயலுக்கெல்லாம் நண்டு பங்கிடுகிறார். பதிவேட்டில் 'உதவியாளர்' வெட்டப்பட்டு 'ஆசிரியை' என்று—

முடிவு ஆ: ஐந்தாவது பெயில். அடுத்த நாள் காலை ஐந்து மணி. கேத்தில் கொதிக்கிறது. அவர் கொப்பியைத் திறந்து—

முதலாவது டொக்டர் உதயசீலனுக்குப் பிடிக்கும். இரண்டாவது என் இலக்கிய நண்பர்களுக்குப் பிடிக்கும், பரிசும் கிடைக்கலாம். இரண்டையும் எழுதும்போது நான் துஷாந்தினியை நினைக்கவில்லை, கதையைத்தான் நினைத்தேன். அதனால் இரண்டையும் நிறுத்தினேன்.

(ஜெயரூபன் மூன்றாவது முடிவு ஒன்று சொன்னான். அதில் அவன்தான் கதாநாயகன். "கோடு போடச் சொன்னது ஆர் மச்சான்?" நியாயமான கேள்விதான். அவனுக்கும் என் நன்றி.)

7

நேற்றுப் பெறுபேறு வெளியானது.

நூலகம் மூடப் பத்து நிமிடம் இருக்க துஷாந்தினி வந்தார். வெளியே றமேஸ் சயிக்கிளைப் பிடித்தபடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குச் செய்தியை இன்று காலைதான் சொல்வது என்று ஏற்பாடு. துஷாந்தினி மேசைக்கு முன்னால் நின்று, கைபேசியைத் திறக்காமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். ஒரு வாக்கியம்தான். சொல்லி முடித்ததும் நெடுமூச்சு விட்டார். பாரம் தூக்கி வந்தவர் இறக்கி வைத்த மாதிரி.

என்னிடம் வாசகர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள், பிழை பிடித்திருக்கிறார்கள். தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றை முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று ஒருவரும் வந்ததில்லை. கண் கலங்கிவிட்டது. "நன்றி தங்கச்சி," என்றேன். அவர் முழித்தார். எதற்கு நன்றி என்று அவருக்கு விளங்கவில்லை.

இன்று காலை நான் ஐந்து மணிக்கு எழும்பினேன். யாரும் நம்பமாட்டீர்கள். இந்தப் பகுதியை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெளியே இன்னும் வெளிச்சம் வரவில்லை. கொழும்புத்துறையில் இன்னொருவரும் இந்நேரம் எழும்பியிருப்பார் என்பது எனக்கு நிச்சயம் தெரியும். அது எந்தப் பெறுபேற்றோடும் சம்பந்தப்பட்டதல்ல.

கதையை முடிக்க வேண்டுமே என்று நேற்று அவரிடம் கேட்டிருந்தேன். "பெறுபேற்றைப் போடட்டோ?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"வேண்டாம் சேர். அதைப் போட்டால் சனம் அதை மட்டும்தான் வாசிக்கும்." வெளியே போகத் திரும்பியவர் வாசலில் நின்றார். அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது. "அந்த இடத்திலை கோடு போட்டு விடுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே."

______________________________

______________________________

______________________________

______________________________