கிணற்றுக்குள் கற்கண்டு மரம்

என் பெயர் தியாகலிங்கம். அச்சுவேலியில் உப தபாலதிபராக இருந்தவன். ஆனால் நீர்வேலிச் சனம் என்னைக் கல்லு மாஸ்டர் என்றுதான் சொல்லும். எங்கே கிணறு வெட்டினாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், வெளியே கொட்டிய கல்லையெல்லாம் கிளறுவேன். சங்கு பதிந்த கல், சிப்பி பதிந்த கல் என்று வீடு முழுக்கக் காலில் இடறும். கிடைக்காதது ஒன்றுதான்: கல்லாகிப் போன மரம். அதற்காகப் பதினொரு வருடம் நாயாய் அலைந்தேன். கடைசியில் அது என் வாழைத் தோட்டத்துக் கிணற்றிலேயே இருந்தது.

1986 ஆவணி. கிணறு அடி தெரிய வற்றிவிட்டது. ஆழமாக்குவதற்கு ஏரம்பு அண்ணையைப் பிடித்தேன். முப்பது வருடமாகக் கிணற்றுக்கு வெடி வைக்கிறவர். முதல்நாளே ஆறு குழி துளைத்து வைத்திருந்தார். காலையில் கீழே இறங்கியவர் சத்தம் போட்டார்.

"மாஸ்டர், இஞ்சை சுவருக்குள்ளை ஒரு மரக்குத்தி கிடக்கு. மேலெல்லாம் கற்கண்டு ஒட்டின மாதிரி மினுங்குது!"

எட்டிப் பார்த்தேன். வெயில் விழுந்த இடத்தில் பளிங்கு பளிச்சென்று அடித்தது. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம்.

"அதிலை ஒரு கீறலும் விழப்படாது அண்ணை. அதுக்குக் கிட்ட இருக்கிற குழிக்கு வெடிமருந்தைக் குறையுங்கோ."

"வெடிக்கு உங்கடை கல்லைத் தெரியுமே?" என்று சிரித்தார். ஆனாலும் குறைத்தார்.

கிணற்று வெடியில் ஒரு வழக்கம் உண்டு. திரியைக் கொளுத்திவிட்டு மேலே வந்தவர் வெடியை எண்ணமாட்டார். பதற்றத்தில் பிழை வரும் என்பார்கள். மேலே நிற்கிறவன்தான் எண்ணவேண்டும். அவன் சரி சொன்னால்தான் மற்றவர் இறங்கலாம். அன்று எண்ணினவன் நான். வாழைக்குப் பின்னால் நின்றேன். மனம் முழுக்க அந்தப் பளிங்கில் இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் பொறுத்து நாலு. பிறகு ஐந்து, ஆறு.

"சரி அண்ணை!"

"புகை அடங்கட்டும். கல்லைப் பின்னேரம் எடுப்பம்."

"அதுக்குள்ளை உடைஞ்சு விழுந்தால்? ஒருக்கால் இறங்குங்கோவன்."

என் கரைச்சல் தாங்காமல் மனிதர் உளியும் சுத்தியலுமாகக் கயிற்றைப் பிடித்து இறங்கினார்.

அவர் இறங்கிக் கொஞ்ச நேரத்தில், அவர் மனைவி சின்னத்தங்கம் அக்கா சாப்பாட்டோடு படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"எங்கை மனிசன்?"

"கீழை கல்லுக் கழட்டுறார்."

அக்காவின் முகம் வெளிறியது. "அஞ்சுதானே வெடிச்சது! ஆறு குழியெண்டு வீட்டிலை சொல்லிப்போட்டு வந்தவர். ஏன் இறங்க விட்டனீங்கள்?"

"ஆறு வெடிச்சது. நான்தான் எண்ணினனான்."

"நாலாவது ஷெல். பலாலி ஆமிக் காம்பிலையிருந்து அடிச்சவங்கள். கிணத்து வெடி காலுக்குள்ளாலை வரும் மாஸ்டர், ஷெல் காதுக்குள்ளாலைதான் வரும். வெறுங்காலோடை ஒழுங்கையாலை வந்தவளுக்குத் தெரியாதே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலாவது சத்தத்துக்குக் கிணற்றிலிருந்து தூசி எழும்பவே இல்லை. அதைக் கண்ணால் கண்டும் நான் எண்ணிக்கொண்டு போயிருக்கிறேன். வெடிக்காத குழி ஒன்று அண்ணையின் காலடியில் கிடக்கிறது, உளி அடி பட்டாலே போதும்.

"ஏரம்பண்ணை! விட்டிட்டு வாங்கோ!"

கீழே ணங், ணங் என்று உளிச் சத்தம். "பொறுங்கோ மாஸ்டர், இந்தா கழருது!"

காலையிலிருந்து அவரை அவசரப்படுத்தினவன் நான். இதுவும் அந்த அவசரம்தான் என்று நினைத்துவிட்டார். நான் கத்தக் கத்தக் கிணறு சொல்லைக் குழப்பியது, அவர் இன்னும் பலமாக அடித்தார். என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

சின்னத்தங்கம் அக்கா சாப்பாட்டை நிலத்தில் வைத்தார். சேலையைத் தூக்கிச் செருகினார். கயிற்றைப் பிடித்து, சுவரில் வெட்டிய படியில் ஒரு காலை வைத்தார்.

"இஞ்சாருங்கோ, நானும் வாறன்."

அவர் கத்தவில்லை. வீட்டுக்குள் கதைப்பது போலத்தான் சொன்னார். கீழே சத்தம் நின்றது. உளி விழுந்தது. அக்கா படியிலிருந்து காலை எடுத்துக்கொள்ள, அண்ணை ஏறக் கயிறு இறுகியது. நரைத்த தலை வெளியே தெரியும்வரை நான் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று போட்டார். பிறகு அதே முதுகில் முகத்தை வைத்து அழுதார். நானும் அழுதேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

"என்ரை பிழை அண்ணை. நான் எண்ணினது பிழைச்சுப் போச்சு."

விசயம் விளங்கியதும் அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, "அப்ப கல்லு?" என்றார்.

"கல்லுக் கிடக்கட்டும்!" என்று நான் போட்ட சத்தத்தில் அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெடிக்காத மருந்து நனைந்து செத்துப் போகட்டும் என்று, பொழுதுபடும்வரை பக்கத்துத் தோட்டத்திலிருந்து தண்ணீர் சுமந்து உள்ளே ஊற்றினேன். ஏரம்பு அண்ணையை ஒரு வாளிகூடத் தொட விடவில்லை. அடுத்த நாள் அவர் இறங்கி, வெடிக்காத குழியைக் காட்டினார். திரி பாதியில் அணைந்து கிடந்தது. அவர் கால் ஊன்றி நின்ற இடத்துக்கு ஒரு சாண் தூரம்.

மரக்குத்தியைக் கையாலேயே அசைத்துக் கழற்றி மேலே அனுப்பினார். இப்போது அது என் மேசையில் இருக்கிறது. வருகிறவர்கள் பளிங்கைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் பார்ப்பது அதன் கீழ் விளிம்பைத்தான். அங்கே உளி பட்ட தழும்பு ஏழு இருக்கிறது. எட்டாவது அடிக்குக் கையை ஓங்கிய நேரத்தில்தான் பெண்சாதியின் கால் தெரிந்ததாம்.