கதவு தட்டிய கதாநாயகன்

என் கணவர் பரமநாதன் வாழ்நாளில் ஒரு நாவலும் வாசித்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் 2012ஆம் ஆண்டு ஒரு ரஷ்ய நாவலின் கதாநாயகன் ஆனார். ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேருக்கு இது தானாகவே தெரியவந்தது. மீதிப்பேருக்கு அவரே தொலைபேசி எடுத்துச் சொன்னார்.

எல்லாம் ஒரு பேட்டியால் வந்த வினை. கிளாவ்தியா யெர்ஷோவா பெரிய எழுத்தாளர், பல நாடுகளில் பரிசு வாங்கியவர். அவருடைய புது நாவல் நோர்வேஜிய மொழியில் வந்ததும் பத்திரிகையில் பேட்டி போட்டிருந்தார்கள். கடைசியில் அவர் சொல்லியிருந்தது இதுதான்: "நான் எழுத்தாளர் ஆனதற்குக் காரணம், பாட்ஸ்பியோர்டில் என்னோடு மீன் வெட்டிய ஒரு தமிழர். அவரும் இந்த நாவலில் வருகிறார்."

பாட்ஸ்பியோர்ட் நோர்வேயின் வடக்கே, உறைகடல் ஓரத்தில் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எங்கள் ஆட்கள் மீன் தொழிற்சாலைகளில் நின்று விறைத்த ஊர். கலியாணத்துக்கு முன் இவரும் அங்கேதான் நின்றார்.

"நான்தான்!" இவர் கோப்பியைக் கொட்டிக்கொண்டு எழும்பினார். "கிளாவா! என்ரை லைனிலைதான் நிண்டவள். ஒருநாள் பசியோடை நிக்கிறாள் எண்டு சோறும் மீன்குழம்பும் குடுத்தனான். மறக்கேல்லைப் பாத்தீரே!"

ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் எங்களுக்குப் பக்கத்து மாடியில் இருக்கும் கிளெமென்ற் உடனே போட்டிக்கு வந்தார். கிளாவாவுக்குக் கத்தி தீட்டப் பழக்கியது தானாம். தமிழ் மன்றத் தலைவர் சின்னராசா செயற்குழுவைக் கூட்டி, கத்தியைவிட மீன்குழம்பே இலக்கியத்துக்கு நெருக்கமானது என்று தீர்ப்புச் சொன்னார். எழுத்தாளர் ஒஸ்லோவுக்கு வரும்போது மோர்டென்ஸ்ருட்டில் ஒரு பாடசாலை மண்டபத்தில் பாராட்டு விழா. எழுத்தாளருக்கு ஒரு பொன்னாடை, கதாநாயகனுக்கு ஒரு பொன்னாடை. புத்தகத்தை வாசிக்கவேண்டும் என்ற யோசனை செயற்குழுவில் ஒருவருக்கும் வரவில்லை.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். எங்கள் மகள் சோபிகாதான் என்னைச் சிரிக்கவிடவில்லை. அவளுக்குப் பதினாறு வயது. துப்புரவு வேலை உடுப்போடு அப்பா பஸ்ஸில் ஏறினால், தள்ளிப்போய் வேறு இருக்கையில் இருக்கிற பிள்ளை. இப்போது வகுப்பில் எழும்பி, "என் அப்பாவும் உலக இலக்கியமும்" என்று பேசிவிட்டு வந்தாள். விழாவில் மொழிபெயர்க்கவும் தானே ஒத்துக்கொண்டாள். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள், பாட்ஸ்பியோர்ட் கதை கேட்டாள். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது.

என் கெட்ட காலம், நான் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்து வாசித்துவிட்டேன்.

நல்ல புத்தகம், அதையும் சொல்லத்தான் வேண்டும். கிளாவ்தியா ரஷ்யாவின் மூர்மன்ஸ்கில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். சோவியத் உடைந்து சம்பளம் நின்றுபோக, எல்லை தாண்டி மீன் வெட்ட வந்தார். தங்கிய அறை நிறையப் பெண்கள், எழுத மூலை இல்லை. ஒருநாள் ஒரு தமிழர் தந்த குழம்பின் உறைப்புத் தாங்காமல் தொழிற்சாலைக் கழிப்பறைக்கு ஓடினார். அங்கே கதவுக்குப் பூட்டு இருப்பதை அன்றுதான் கண்டாராம். அதன்பிறகு அதற்குள் இருந்து மீன்பெட்டி மட்டைகளில் எழுதத் தொடங்கினார். அதே தமிழர் வந்து கதவைத் தட்டுவார். "ஃபெர்டி?" முடிந்துவிட்டதா என்று நோர்வேஜிய மொழியில் கேட்பார். "இன்னும் இல்லை" என்பார் கிளாவ்தியா. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "ஃபெர்டி?" கடைசியில் அந்தத் தமிழர் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்லிக்கொடுத்தார். கிளாவ்தியாவுக்கு வேலை போனது. அந்தத் தமிழர் மீன் வெட்டும் லைனுக்குப் பொறுப்பாளர் ஆனார்.

எனக்கு இவர்மேல் ஆத்திரமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இவர் பொய் சொல்லவில்லை. கதவு தட்டியதைச் சுத்தமாக மறந்துபோய், குழம்பை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

"இஞ்சருங்கோ, மேடை ஏற முதல் ஒருக்கா அந்தப் புத்தகத்தை வாசியுங்கோ" என்றேன்.

"என்ரை கதையை நானே வாசிக்கிறதோ?"

"அதிலை உங்களைப் பற்றி வடிவா எழுதேல்லை."

"நாவல் எண்டால் கூட்டிக் குறைச்சுத்தான் எழுதுவினம். உமக்கு உது விளங்காது."

சின்னராசாவிடம் போனேன். இவருக்குப் போடுகிற பொன்னாடையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சாத குறை. "தங்கச்சி, சிறப்பு மலர் அச்சாகிட்டுது. அட்டையிலை பரமநாதன்ரை படம். இனி அந்தப் புத்தகத்தைத்தான் மாத்தவேணும்" என்றார் அவர்.

விழா அன்று மண்டபம் நிறைந்த சனம். சின்னராசா வாழ்த்துரையில் கிளாவ்தியாவின் வாழ்க்கையை விவரித்தார். ஆசிரியையைப் பேராசிரியை ஆக்கினார், மூர்மன்ஸ்கை மொஸ்கோவுக்கு நகர்த்தினார், ரஷ்ய இலக்கியமே தமிழன்ரை மீன்குழம்பில்தான் தப்பிப் பிழைத்தது என்று முடித்தார். அந்த அம்மா முன்வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு பொறுமையாக இருந்தார். வெள்ளைத் தலை, மீன் வெட்டித் தடித்த விரல்கள். அவர் வாய் திறக்க முன்பே இரண்டு பரதநாட்டியம் முடிந்திருந்தது.

பிறகு இவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். புதுக் கோட்டோடு ஏறி நின்றார். கிளாவ்தியா கிட்டவந்து முகத்தை உற்றுப் பார்த்தார். பேச்சு மேசைக்குப் போய், அதன் பலகையில் விரல் முட்டியால் தட்டினார்.

டொக், டொக். "ஃபெர்டி?"

பாட்ஸ்பியோர்டில் நின்ற ஆட்கள் அந்தத் தட்டலை அறிந்து தலையைக் குனிந்தார்கள். கிளெமென்ற் பக்கத்தில் இருந்தவரிடம், "நான் இல்லை எண்டு முதலே சொன்னனான்" என்றார். என் கண் முழுக்க இவர் முகத்தில்தான். சிரிப்பு உதட்டிலேயே நின்றது. கண்ணில் இருந்து போய்விட்டது. அந்த நிமிடம்தான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

கிளாவ்தியா தொழிற்சாலையில் பழகிய நோர்வேஜிய மொழியில் ஆறுதலாகப் பேசினார். கோபமே இல்லை. பேசி முடித்ததும் சோபிகா ஒலிவாங்கியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். எதையாவது மாற்றிச் சொல்லடி பிள்ளை என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் மாற்றவில்லை.

"இவர் கழிப்பறைக் கதவைத் தட்டித் தட்டி, கடைசியாப் போய்ச் சொல்லிக் குடுத்ததாலை அவவுக்கு வேலை போச்சுதாம். ஊருக்குத் திரும்பிப் போய்க் காவல் வேலை எடுத்தவவாம். அதிலைதான் எழுத நேரம் கிடைச்சதாம். இவர் பேசாமல் இருந்திருந்தால், தான் இண்டைக்கும் மீன்தான் வெட்டிக்கொண்டு நிண்டிருப்பனாம். அதுக்கு நன்றியாம்."

அப்பா என்று சொல்லவில்லை. இவர் என்றாள்.

சின்னராசாவுக்கு 'நன்றி' மட்டும் காதில் விழுந்திருக்கவேண்டும். கைதட்டினார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. கிளாவ்தியா இவருக்குப் பொன்னாடை போர்த்தினார், படம் எடுத்தார்கள், பிறகு எல்லோரும் ரோல்ஸ் சாப்பிடப் போனார்கள். மானம் போகும் என்று நான் பயந்த சபையில் ஒரு மயிரும் போகவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் சோபிகா எங்களோடு இருக்கவில்லை. பின்னுக்குப் போய்த் தனியாக இருந்தாள்.

ஒரு கிழமை எங்கள் வீட்டில் கதை பேச்சு இல்லை. தொலைபேசி அடித்தால் இவர் எடுப்பதில்லை. சனிக்கிழமை காலை குசினிக்குள் வந்து, "அந்தப் புத்தகம் எங்கை?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார். எங்கள் வீட்டில் பூட்டுப் போட்டு இருக்கக்கூடியது அது ஒன்றுதான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நான் புட்டு அவித்து முடித்தேன். அவர் வரவில்லை. சம்பல் இடித்தேன். வரவில்லை. உள்ளே தாள் புரளும் சத்தம் மட்டும் இடைக்கிடை கேட்டது. பிறகு மூக்குச் சீறும் சத்தமும் கேட்டது.

சோபிகா குளிக்கத் துவாயும் கையுமாக வந்தாள். அவளுக்கு எங்கோ போகும் அவசரம். கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். காலடிச் சத்தம் உள்ளே கேட்டிருக்கவேண்டும்.

"இன்னும் முடியேல்லை, பிள்ளை." உள்ளேயிருந்து இவர் குரல்.

அவள் ஓங்கிய கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையை மெல்ல இறக்கினாள்.

"அவசரமில்லை, அப்பா" என்றாள். "நீங்கள் வாசியுங்கோ."