நிலவின் மேல் போட்ட பழி

1

மனிதனின் முடிவு வானத்தில் எழுதப்படுகிறது. கடல் அதை வாசித்துக் காட்டுகிறது.

(எழுதியதும் எனக்கே கைதட்டத் தோன்றியது. அக்கா வாசித்துவிட்டு, "நல்லாருக்குடா. இதுல அவர் எங்க?" என்றாள்.)

அவர் என்றால் அத்தான். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். போன மாதம் படகிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைக்கிறார்கள். மேலாளர் பேசுவார், குடும்பத்தின் சார்பில் அக்கா எதையாவது வாசிக்க வேண்டும். வீட்டில் எழுத்தாளன் ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கதை பிறந்த விதம் இதுதான்.

"வழுக்கி விழுந்தாருன்னு மட்டும் எழுதிடாதடா. காலமெல்லாம் படகுலயே நின்ன மனுஷன். முதுகுக்குப் பின்னாடி சிரிப்பாங்க. பெருசா ஏதாவது காரணம் சொல்லு."

நிலவைவிடப் பெரிய காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: பால்நிலவு கடல்மேல் தவழ்ந்த அந்த

(விட்டுவிட்டேன். அன்று அமாவாசை. அதுவும் பட்டப்பகல்.)

"அன்னிக்கு நிலாவே இல்லக்கா."

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?" அக்கா அத்தானின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

விஞ்ஞானமும் அவள் கட்சிதான். அமாவாசையன்று சூரியனும் நிலவும் ஒரே பக்கம் நின்று இழுக்கின்றன. கடல் வழக்கத்தைவிட அதிகம் ஏறும், அதிகம் இறங்கும்.

இரண்டாம் தொடக்கம்: நிலவைப் பார்த்திருக்கும் கடல் அதன் ஈர்ப்பில் எழுகிறது. பூமியின் மறுபக்கத்துக் கடலும் எழுகிறது. (ஏன் என்று விளக்க அரைப் பக்கம் வீணடித்தேன். சுருக்கம்: நிலவு பக்கத்தில் இருப்பதை அதிகம் இழுக்கும், தள்ளி இருப்பதைக் குறைவாக. பூமியை இழுத்த அளவுக்கு மறுபக்கத்துத் தண்ணீரை இழுப்பதில்லை. அது பின்தங்கி, மேடாக நிற்கிறது. சுழலும் பூமியில் ஒரே கரை இரண்டு மேடுகளையும் கடப்பதால், பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம்.) விட்டுச் செல்லப்பட்ட அந்தத் தண்ணீர்தான் என் அக்கா.

"என்னை வீங்கின தண்ணின்னா எழுதியிருக்க?"

"உவமைக்கா."

"உன் உவமைய நீயே வந்து வாசி."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. என் வரைவில் அத்தான் படகின் விளிம்பில் நின்று தொடுவானத்தைத் தியானிக்கிறார். அன்று கூட இருந்த இஞ்சின்காரர் வீட்டுக்கு வந்தபோது படித்துக் காட்டினேன்.

"தியானமா?" தலையைச் சொறிந்தார். "ஓரமாப் போனாருண்ணே. 'இந்தப் பக்கம் திரும்பாதய்யா'ன்னாரு. நான் திரும்பல. அப்புறம் தொபுக்குன்னு சத்தம். இறக்கத்து நேரம், தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு."

'திரும்பாதே' என்பதை, 'என்னைத் தேடாதே' என்று மாற்றிக்கொண்டேன்.

4

முடிவுகள்.

அ) அறுந்த கயிற்றிலிருந்து இன்னொருவரைக் காப்பாற்றப் போய் (இன்னொருவர் இஞ்சின்காரர் மட்டுமே. அவர் சாட்சி சொல்ல மறுக்கிறார்.)

ஆ) நிலவு அழைத்தது, போனார். அக்காவுக்குப் பிடித்தது இதுதான்.

இ) இறக்கத்தில் போனவர் அடுத்த ஏற்றத்தில் கரைக்கு வந்தார். இது நடந்தது. அடையாளம் காட்ட நானும் அக்காவும் போனோம். துணியை விலக்கியதும் அக்கா என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். குனிந்து எதையோ சரிசெய்யப் பார்த்தாள். மண் அடைத்திருந்தது, நெடுநேரம் முயன்றாள், நகரவில்லை. கடைசியில் தன் துப்பட்டாவை எடுத்து அவர் இடுப்பில் போட்டாள்.

வெளியே வந்து, "தண்ணிதான்டா அப்படிப் பண்ணிருக்கும்," என்றாள். "கடலையே தூக்குற இழுப்பு. இது எம்மாத்திரம்?"

நான் ஆமாம் என்றேன்.

நாளைக்குக் கூட்டம். அக்கா எதை வாசிக்கட்டும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த முடிவிலும் சேராமல் ஒன்று மட்டும் மிஞ்சி நிற்கிறது.

அத்தானின் பேன்ட் ஜிப் திறந்திருந்தது.