நான் கூட்டின பத்து

எனக்குக் கோபம் சுருக்குன்னு வரும். "மழை வருமா வராதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னு யாராவது கேட்டா போதும். வானம் என்ன எங்கிட்ட சொல்லிட்டா இடிக்குது? வானிலை ஆபீஸ்ல பதினோரு வருஷமா குப்பை கொட்டுறேன். கோடை இடிமழையை நூத்துக்கு இத்தனைன்னுதான் சொல்ல முடியும்.

சனி ஞாயிறுக்கான நம்பரை வெள்ளிக்கிழமை மதியம் பன்னெண்டுக்குள்ள எழுதிக் கையெழுத்துப் போடணும். அறுபதைத் தொட்டா அக்கரைப் படகு ஓடாது. அந்தப் படகுலதான் மாசத்துக்கு ஒரு தடவை என் மக வருவா. ஒம்பது வயசு. அக்கரையில அவ அப்பாவோட இருக்கா. நானும் அவரும் பிரிஞ்சு மூணு வருஷமாச்சு.

போன கோடையில ஆசை என் கண்ணை மறைச்சிடுச்சு. அறுபத்தஞ்சு போடவேண்டிய இடத்துல அம்பது போட்டேன். பாதி வழியில காத்தும் இடியும் படகைப் புரட்டி எடுத்துடுச்சு. குட்டி தெப்பலா நனைஞ்சு, வாந்தி எடுத்துக்கிட்டே இறங்கினா. ரெண்டு நாளும் என் கையை விடல.

அதுலேருந்து நான் சூடு கண்ட பூனை. இந்த வெள்ளிக்கிழமை காலையில விட்ட பலூன், மேல இருக்கிற காத்தையும் ஈரத்தையும் அளந்து அனுப்புச்சு. கூட்டிக் கழிச்சுப் பார்த்தா அம்பது. மறுபடி பார்த்தேன். அம்பதேதான். ரேடார் பார்க்கிற அண்ணன் டீயோட வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, அம்பதா?"

"அம்பதுன்னுதான் தோணுதுண்ணா. ஆனா எனக்கு அப்படித்தானே தோணும்? புள்ள வரணுமே!"

"அட போம்மா. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அம்பதுன்னா அம்பதைப் போடு."

பன்னெண்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது அறுபதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் ஆசைக்கு இடம் குடுக்கலன்னு ஒரு பெருமை வேற.

சனிக்கிழமை மருந்துக்குக்கூட மேகம் இல்ல. அவளுக்குன்னு வாங்கின பச்சைச் செருப்பு கட்டிலுக்குக் கீழ பெட்டியோட கிடந்துச்சு. ஞாயித்துக்கிழமையும் அதே வெயில். ஜன்னலைத் திறந்து, "இடியேன், ஒரு தடவையாவது இடிச்சுத் தொலையேன்!"னு வானத்தைப் பார்த்துக் கத்தினேன். எதிர்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியை அவசரமா எடுத்துக்கிட்டு உள்ள ஓடினார்.

சாயங்காலம் குட்டி போன் பண்ணினா.

"அம்மா, இங்க ரெண்டு நாளா ஒரே வெயில்."

"இங்கயும்தான்டா கண்ணு."

"அப்ப ஏன் மழைன்னு எழுதின? நான் வரவேணாம்னா?"

பலூனைப் பத்தியா சொல்ல முடியும்?

"நீ வரணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன்டா. ஆசையில தப்பா எழுதிடுவேனோன்னு பயந்து, பத்து கூட்டி எழுதிட்டேன்."

"பத்தா..."ன்னு அவ வாய்க்குள்ள முணுமுணுத்தா. கணக்குப் போடுறான்னு நினைக்கிறேன்.

"அப்ப அடுத்த தடவை கொஞ்சமா ஆசைப்படும்மா"ன்னா.