படி பத்திரத்தில் இல்லை

கட்டின பொண்டாட்டியை "சிஸ்டர்" என்று கூப்பிடுகிற புருஷன் உலகத்தில் உண்டா? உண்டு. ஒரு பேருந்து ஓட்டுநர். அவர் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். மாடிக் குடியிருப்பு முழுக்க அவளை சிஸ்டர் என்றே கூப்பிட, ஊரோடு ஒத்துப் போவோம் என்று இவரும் கூப்பிட்டுவிட்டார். "அட, கூறுகெட்ட மனுஷா!" என்று முதல் தடவை அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பதிலுக்கு இவரை "டிரைவர் சார்" என்று கூப்பிட்டுப் பழி தீர்த்துக்கொண்டாள்.

சிஸ்டருக்கு ராத்திரி டூட்டி. டிரைவருக்கு ஊர் முழிக்கும் முன்னே கிளம்பும் முதல் பஸ். வீட்டில் மகள் தனியாக இருக்கக் கூடாது என்று அவர்களாகவே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது. சிஸ்டர் வரும் நேரம் டிரைவர் போகும் நேரம். இருந்தது ஒரே அறை, அதில் மகள் தூங்குவாள், பேசினால் எழுந்துவிடுவாள். அதனால் புருஷனும் பொண்டாட்டியும் குடும்பம் நடத்தியது மாடிப்படியில்தான் என்று சொன்னால் தப்பில்லை.

இரண்டாம் மாடிக்கு மேலே படி திரும்புகிற இடத்தில் அவர் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார். கையில் ஒரே ஒரு டம்ளர் டீ. அவள் மூச்சு வாங்க ஏறி வருவாள்.

"வந்துட்டியா?" என்பார், கண்ணெதிரே நிற்கிறவளைப் பார்த்து.

மேல்பாதி டீ அவளுக்கு, கீழ்ப்பாதி அவருக்கு. எந்தக் கட்டிலில் குழந்தை பிறந்தது, எந்தக் கிழவர் ஊசியைக் கண்டு ஓடினார், எந்த டாக்டர் நின்றபடியே தூங்கினார், எல்லாம் சொல்வாள். அவர் "அப்புறம்?" என்பார். சொல்வாள். மறுபடி "அப்புறம்?" என்பார். டம்ளர் காலியாகும். "போயிட்டு வரேன்" என்று எழுந்துவிடுவார். மழையானாலும் காய்ச்சலானாலும் ஒரு நாள்கூட பஸ்ஸைத் தாமதமாக எடுக்காத மனுஷன். இன்னும் கொஞ்சம் இருங்களேன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனி வரை வரும். சொன்னதே இல்லை. ரிட்டயர் ஆகட்டும், அப்போது பொழுதெல்லாம் பேசலாம் என்று ஆசையை மூட்டை கட்டி வைத்தாள்.

ரிட்டயரும் ஆனார்கள். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். டிரைவரின் முழங்கால், கிளட்ச் மிதித்து மிதித்து, மூன்று மாடி ஏற மாட்டேன் என்று கொடி பிடித்தது. "அதை வித்துட்டு, கீழ்த்தளமா பார்த்து ஒரு வீடு வாங்குங்கப்பா" என்று மகள் போனில் நச்சரித்தாள். அப்படித்தான் ரிட்டயரான கையோடு தரகர் வந்தார். வாயெல்லாம் பல்லாக, காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைகிற ஆள்.

"ரெண்டு ரூம், ஆளுக்கொண்ணு. சுத்தி நடக்க இடம். முக்கியமா, வாசல்லேருந்து கொல்லை வரைக்கும் ஒரு படிகூடக் கிடையாது சார். கண்ணை மூடிட்டு நடக்கலாம்!"

டிரைவர் முகம் மலர்ந்தது. சிஸ்டருக்கு என்னவோ சுருக்கென்றது. என்னவென்று அவளுக்கே அப்போது பிடிபடவில்லை.

பழைய வீட்டை வாங்கியது புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தரகர் பத்திரத்தை உரக்கப் படித்தார். அறை, அடுப்படி, குளியலறை, வடக்கே பார்த்த ஜன்னல் என்று சுண்ணாம்பு தடவிய சுவர் வரை எல்லாம் அதில் இருந்தது.

"படி வரலையே?" என்றாள் சிஸ்டர்.

"எந்தப் படிம்மா?"

"மாடிப்படி. ரெண்டாவது மாடி தாண்டி திரும்பற இடம்."

தரகர் சிரித்தார். "அது பொதும்மா. உங்க பத்திரத்துல அது எப்பவுமே இருந்ததில்ல. உங்களுதா இருந்தாத்தானே விக்க முடியும்?"

புது ஜோடி சிரித்தது. டிரைவரும் சிரித்தார். சிஸ்டரும் சிரித்துவைத்தாள். ஆனால், இத்தனை வருஷம் எதைத் தன் வீடு என்று நினைத்தாளோ அது ஒரு நாளும் தன்னுடையதாக இருந்ததே இல்லை என்று நினைத்தபோது அழுகை முட்டியது. இந்த மனுஷனுக்கு அது தோன்றவே இல்லையா? அவர் மும்முரமாக மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

புது வீட்டில் முதல் நாள் காலை ஒரு கூத்து நடந்தது. டிரைவர் டூட்டி நாள் பழக்கத்தில் எழுந்து, குளித்து, தலை சீவி, அடுப்படியில் நின்றவளிடம் வந்து, "போயிட்டு வரேன்" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எங்கே போவது? சொன்ன வாய்க்கு மரியாதை வேண்டுமே என்று கேட் வரை நடந்தார், கொண்டியைத் தொட்டார், திரும்பி வந்தார். "பேப்பர்காரன் இன்னும் வரல" என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதுதான் அந்த வீட்டில் அவள் கடைசியாகச் சிரித்தது.

ஆளுக்கொரு அறை அமைந்துவிட்டது. அவர் குறட்டை விடுவார் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரியும். குறட்டை என்றால் சாதாரணக் குறட்டையா, மேட்டில் ஏறுகிற பஸ்! அவர் முன்னறையில் டிவி முன்னால், அவள் பின்னறையில். மோட்டார் போட்டியா, உப்பு போதுமா, கதவு சாத்தினியா. பேச்சு அதோடு சரி. அவள் ஏதாவது ஆரம்பித்தால் "ம்" என்பார். "அப்புறம்?" என்ற அந்த ஒரு சொல் வரவே இல்லை.

"உனக்கு என்னம்மா குறைச்சல் இப்ப?" என்று மகள் கேட்டாள். என்ன சொல்வது? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, வீட்டை நம்பிப் புருஷனைத் தொலைத்துவிட்டேன் என்றா? வெளியூரில் இருக்கிறவனுக்காக ஏங்குகிறவளைப் பற்றி ஊர் பேசும், பாடும். அடுத்த அறையில் இருக்கிறவருக்காக ஏங்குகிறவள் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அவருடைய கீழ்ப்பாதி டம்ளருக்காக அவளுக்கு நெஞ்சு வலித்தது. இப்போது ஆளுக்கொரு டம்ளர்.

ஒரு விடியற்காலை அவள் எழுந்தாள். டூட்டிக்குப் போடும் கொண்டையைப் போட்டுக்கொண்டாள். பழைய கைப்பையைத் தோளில் மாட்டினாள். பின்கதவைத் திறந்து, வீட்டைச் சுற்றி வந்து, முன்வாசலில் நின்று மணியை அடித்தாள். திருடி மாதிரி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. கசங்கின பனியனோடு டிரைவர். அவளைக் கொண்டையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"பின்கதவு பூட்டிக்கிச்சா?"

"இல்ல..." அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "டூட்டி முடிஞ்சு வரேன்."

அவர் திரும்பி உள்ளே போய்விட்டார்.

கதவு திறந்தே கிடந்தது. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. இந்த வயசில் இதென்ன கோமாளித்தனம்! மனுஷர், அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மகளுக்குப் போன் போடப் போயிருப்பார். பையைக் கழற்றிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போய்விடலாமா என்று நினைத்தபோது, அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

வந்தார். உடம்பில் காக்கிச் சட்டை, ஒரு பொத்தான் மாறிப் போட்டது. கையில் ஒரே ஒரு டம்ளர்.

உட்கார இடம் தேடினார். படி ஏது? நிலையைப் பிடித்துக்கொண்டு வாசல் தரையிலேயே மெல்ல இறங்கினார். முழங்கால் சொடுக்கியது.

"கீழ உக்காராதீங்க, மறுபடி எழுந்திரிக்க முடியாது."

"பேசாம உக்காரு சிஸ்டர்."

உட்கார்ந்தாள். அவர் அவளைப் பார்த்தார்.

"வந்துட்டியா?"

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. மறைக்க டம்ளரைத் தூக்கி மேல்பாதியைக் குடித்தாள். சர்க்கரையே இல்லை.

"வார்டுல என்ன சேதி?" என்றார்.

"புதுசா ஒரு கேஸ். பொம்பள. வயசானவ. வலிக்குதுங்கறா, எங்கன்னு சொல்லத் தெரியல."

"அப்புறம்?"

"வீட்டுக்காரர் அடுத்த ரூம்லதான் இருக்காராம். ஆனா அவரைப் பார்த்து ரொம்ப நாளாச்சாம்."

டிரைவர் தரையைப் பார்த்தார். "அந்தாளு என்ன பண்றானாம்?"

"டிவி பார்க்கறாராம்."

"மடையன்." மாறிப் போட்ட பொத்தானைத் திருகினார். "அவனுக்கும் அதே வலியா இருக்கும். நீ அவனைக் கேட்டுப் பார்த்தியா?"

கேட்டதில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக் கீழ்ப்பாதியைக் குடிக்க ஆரம்பித்தார்.

தெருமுனையில் அன்றைய முதல் பஸ் உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. பழக்க தோஷம், அவள் எழப் போனாள். "நேரமாச்சு. பஸ் எடுக்கணுமே நீங்க."

"லேட்டாகட்டும்" என்றார் டிரைவர், அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து. "அப்புறம்?"